மக்கோலா சந்தையின் முட்டைக் களிமண்: வயிற்றை அடக்குவது எப்படி?

அக்ராவாசி | ஞாயிறு இரவு

கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் தெருவோரக் கடையில் வாச்சே சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தேன். சோளத் தோகையோடு சேர்த்து வேகவைத்த அரிசியும் தட்டைப்பயறும்தான் வாச்சே. குறை அதனுடையதன்று, மேலே ஊற்றிய குழம்பினுடையது என்றே நினைக்கிறேன். மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போனபோது கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மையார் ஒருவர் தம் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை உருண்டையை எடுத்துக் கொடுத்து, இதில் கொஞ்சம் கடித்துத் தின்றால் வயிறு கட்டிக்கொள்ளும் என்றார். அளவிலும் வடிவத்திலும் அது அச்சு அசலாகக் கோழிமுட்டையைப் போல இருந்தது. தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. இங்கே கா மொழி பேசுவோர் இதை அயிலோ என்கிறார்கள். மக்கோலா சந்தையில் மிளகாய்க்கும் இஞ்சிக்கும் நடுவில் குவித்து வைத்து விற்கிறார்கள். வோல்டா பகுதியிலுள்ள அன்ஃபோயேகாவில் தோண்டியெடுத்து, இடித்து, பிசைந்து, உருட்டிக் காயவைத்து அனுப்புகிறார்களாம்.

மரியாதைக்காக ஒரு துணுக்குக் கடித்தேன். பல்லில் மணல் நெருடவே இல்லை. நாக்கிலிருந்த ஈரம் முழுவதையும் அது இழுத்துக்கொண்டு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. கோடையில் முதல் தூறல் விழும்போது எழும் வாசனை மூக்கின் உட்புறமாக ஏறியது. அன்று மாலைக்குள் வயிறு அடங்கிவிட்டது. களிமண்ணால் அடங்கியதா, மூன்றாம் நாளில் எப்படியும் அடங்க வேண்டியதுதானா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மையார் ஐந்து மாதக் கர்ப்பிணி. குமட்டலுக்காக இதை நாள்தோறும் தின்கிறார். அவருடைய தாயாரும் அப்படியே தின்றவர். இது உண்மையிலேயே வேலை செய்கிறதா, செய்தால் குடலுக்குள் என்னதான் நடக்கிறது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இயற்கைவழி | ஞாயிறு இரவு

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, அண்ணா. மாலைக்குள் அடங்கிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் எட்டு மாதங்களாகப் பென்டோனைட் களிமண் பொடியைக் காலையில் ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கலக்கிக் குடித்துவருகிறேன். நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் போயே போய்விட்டன. நம் முன்னோர்கள் மண்ணை மருந்தாக உண்டவர்கள், நாம்தான் மறந்துவிட்டோம்.

படிகம் | திங்கள் காலை

கனிமவியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்த மண் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். களிமண் என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பவை ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்கும் கனிமங்கள். வெண்மையாக, மணல் கலவாமல், வாயில் மாவுபோல் அப்பிக்கொள்வதாக நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரும்பாலும் கயோலின் வகையாக இருக்க வேண்டும். சீனாவின் ஜிங்தேஜென் நகரத்துப் பீங்கானுக்கு மண் கொடுத்த காவ்லிங் என்ற மலையின் பெயரே கயோலின் ஆயிற்று. இன்னொன்று ஸ்மெக்டைட் வகை. இயற்கைவழி குடிக்கும் பென்டோனைட்டும், பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மிட்டியும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இரண்டும் தகடு தகடாக அடுக்கப்பட்டவை. கயோலினில் ஒரு சிலிக்கா அடுக்கும் ஓர் அலுமினா அடுக்கும் சேர்ந்து ஒரு தகடு ஆகின்றன. அடுத்தடுத்த தகடுகள் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் தண்ணீர் இடையில் நுழையாது. ஸ்மெக்டைட்டில் இரு சிலிக்கா அடுக்குகளுக்கு நடுவே ஓர் அலுமினா அடுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அடுக்குகளில் சில இடங்களில் அலுமினியத்தின் இடத்தை மெக்னீசியம் பிடித்துக்கொள்வதால் தகடு முழுவதும் எதிர்மின்சுமை ஏறிவிடுகிறது. அந்தச் சுமையைச் சமன்செய்யச் சோடியமும் கால்சியமும் தகடுகளுக்கிடையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் உறுதியாக அல்ல. அவற்றைவிடப் பொருத்தமான ஏதாவது ஒன்று வந்தால் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். தண்ணீர் பட்டால் தகடுகள் விலகி, மண் ஊதிப் பெருப்பதும் இதனால்தான்.

பரப்பைக் கணக்கிட்டால் வேறுபாடு விளங்கும். ஒரு கிராம் கயோலினின் பரப்பு ஏறத்தாழ 10 முதல் 20 சதுர மீட்டர். ஊதும் ஸ்மெக்டைட்டில் உள்ளிடுக்குகளையும் சேர்த்தால் ஒரு கிராமுக்கு 700 சதுர மீட்டரைத் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு சிட்டிகைக்குள் பதினேழு சென்ட் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலம் முழுவதும் மின்சுமை உள்ளது. எதிரில் வருவதைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்கிறது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதைப் போன்ற உட்கவர்தல் அன்று இது, பரப்புக் கவர்தல். பள்ளி வேதியியலில் இவ்விரண்டையும் குழப்பி மதிப்பெண் இழந்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

ஆக, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நச்சு மூலக்கூறோ வைரசோ இந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டால் அது குடற்சுவரைத் தொடாமலே வெளியேறிவிடும் என்பதுதான் முதன்மையான விளக்கம். குடலில் அது நடக்கிறதா என்பதை மருத்துவம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வேலூர்க்காரி | திங்கள் இரவு

பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். படிகம் ஐயா விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

குடலில் இரண்டு வேலைகள் நடப்பதாக அறிகிறோம். ஒன்று, அவர் சொன்ன பிடித்துக்கொள்ளும் வேலை. ரோட்டா வைரசையும் சில பாக்டீரியா நச்சுகளையும் ஸ்மெக்டைட் பிடித்துக்கொள்வது ஆய்வகத்தில் காட்டப்பட்டுள்ளது. இரண்டாவது, குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தோடு அது கலந்து படலத்தை இன்னும் கெட்டியாக்குகிறது. நெஞ்செரிச்சல் குறைந்ததாக இயற்கைவழி சொல்வதில் இந்த இரண்டாவது வேலைக்கும் பங்கு இருக்கலாம் என்பதால் அவருடைய அனுபவத்தை நான் தள்ளிவிடவில்லை.

அக்ராவாசி கேட்டதற்கு மிக நெருங்கிய சான்று அவருக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. நைஜீரியாவில் உசால்லா என்ற ஊரில் தோண்டப்படும் களிமண் மேற்காப்பிரிக்கச் சந்தைகளெங்கும் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக விற்கப்பட்டுவந்தது. டொனால்ட் வெர்மீர், ரே ஃபெரல் என்ற இருவர் அதை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, அன்று அமெரிக்க மருந்துக் கடைகளில் விற்ற கேயோபெக்டேட் மருந்திலுள்ள களிமண்ணோடு அது பெரிதும் ஒத்திருப்பதாக 1985இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். சந்தைக்காரியின் கூடையிலும் மருந்துக் கடையின் அலமாரியிலும் இருந்தது ஏறத்தாழ ஒரே பொருள்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவில் அதே பெயரில் இன்று விற்கும் மருந்தில் களிமண்ணே இல்லை. பிஸ்மத் உப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

காரணம் இதுதான். கயோலின் மலத்தைக் கெட்டியாகக் காட்டும். உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் உப்பையும் அது குறைப்பதாக உறுதிப்படவில்லை. வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது மலத்தின் தோற்றமன்று, நீரிழப்பு. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனம், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கயோலினோ ஸ்மெக்டைட்டோ வழக்கமாகக் கொடுக்கத்தக்கதன்று என்று வழிகாட்டியில் எழுதியது. உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான் கொடுக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், 10 முதல் 14 நாள்.

ஸ்மெக்டைட்டின் கணக்கு சற்று வேறு. பெருவிலும் மலேசியாவிலும் குழந்தைகளிடையே நடத்தி 2009இல் வெளியான ஆய்வுகளில், கரைசலோடு இதையும் கொடுத்தபோது வெளியேறிய மலத்தின் அளவே குறைந்தது. 2018இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 18 ஆய்வுகளையும் 2616 குழந்தைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட்டு, நோய் நீடிக்கும் காலம் ஏறத்தாழ ஒரு நாள் குறையக்கூடும் என்று சொன்னது. அந்தச் சான்றின் தரம் தாழ்வானது என்றும் சேர்த்தே சொன்னது. ஒரு நாள் என்பது நோயாளிக்குச் சிறிய விஷயமன்று. ஆனால் மூன்றாம் நாளில் ஒரு கடி கடித்து மாலையில் அடங்கியதைச் சான்றாக நான் ஏற்கமாட்டேன், அக்ராவாசி அண்ணா. தொற்றினால் வரும் வயிற்றுப்போக்கு பலருக்கு மூன்றாம் நாளில் தானாகவே அடங்கும்.

தீவனக்காரன் | திங்கள் நள்ளிரவு

நாமக்கல்லில் கோழித் தீவன ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். மனிதர்கள் களிமண் தின்னலாமா என்று நீங்கள் விவாதிக்கிறீர்கள். எங்கள் ஊர்க் கோழிகள் அதை நாள்தோறும் தின்றுகொண்டிருக்கின்றன. டாக்சின் பைண்டர் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி பென்டோனைட் வகைக் களிமண்தான். ஒரு டன் தீவனத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கலப்போம்.

மழைக்காலத்தில் ஈரம் தங்கிய மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கோழியின் ஈரல் வெளுத்துப்போகும், முட்டை குறையும். அந்த நஞ்சின் மூலக்கூறு தட்டையானது. படிகம் ஐயா சொன்ன தகடுகளுக்கு இடையில் கடிதம் உறைக்குள் போவதைப் போல நுழைந்து தங்கிவிடுகிறது. ஆனால் எல்லா நஞ்சுக்கும் இது ஆகாது. டி-2 என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சு தட்டையாக இல்லாததால் அதே களிமண் அதைக் கண்டுகொள்வதில்லை. ‘நச்சுகளை எல்லாம் உறிஞ்சிவிடும்’ என்று எழுதிய பொட்டலத்தை யாராவது நீட்டினால், எந்த நச்சை என்று கேளுங்கள்.

வாங்கிய சரக்கு தேறுமா என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. களிமண்ணைத் தண்ணீரில் கலக்கி மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். விடும் நீலத்தை எல்லாம் மண் பிடித்துக்கொண்டே போகும். அவ்வப்போது ஒரு சொட்டை எடுத்து வடிதாளில் வைப்போம். மண் நிரம்பிவிட்டது என்றால் கருநீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வளையம் ஒன்று படரும். அந்த வளையம் தெரியும்வரை எத்தனை மில்லி விட்டோம் என்பதே கணக்கு. வீட்டில் பார்க்க விரும்பினால் வண்ணமீன் கடைகளில் மெத்திலீன் நீலம் கிடைக்கும்.

அக்ராவாசி | செவ்வாய் காலை

தீவனக்காரன் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுத் தேடியபோது ஒரு செய்தி கிட்டியது. கோழிக்குக் கலக்கும் அதே வகைக் களிமண்ணைத் தூய்மையாக்கி, மனிதர்களுக்கு மாத்திரைக் குப்பிகளில் கொடுத்துப் பார்த்த ஆய்வு இந்தக் கானாவிலேயே நடந்திருக்கிறது. அஷாந்தி பகுதியின் எஜுரா வட்டாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் அன்றாட உணவு. அஃப்ளாடாக்சினும் அவற்றோடு உள்ளே போகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோத்தி பிலிப்ஸ் குழுவினர், ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராமும் மற்றொரு பிரிவினருக்கு 3 கிராமும் மூன்று மாதம் கொடுத்தார்கள். இரத்தத்தில் அஃப்ளாடாக்சினின் அடையாளம் குறைந்ததாகக் கண்டார்கள்.

என் கையிலிருக்கும் உருண்டையின் மீதியைத் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஓரங்கள் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் வெள்ளையாகப் படிந்தன; ஊதிப் பெருக்கவில்லை.

படிகம் | செவ்வாய் காலை

ஊதவில்லையென்றால் கயோலின் என்ற என் ஊகம் வலுப்படுகிறது. எஜுராவில் கொடுத்தது மற்ற வகை என்பதை மறந்துவிட வேண்டாம்; அதன் பலனை உங்கள் உருண்டையின் கணக்கில் எழுத முடியாது.

விலங்குகளிலும் இதே வாதம் நடக்கிறது. பெருவின் மழைக்காட்டு ஆற்றங்கரைகளில் மக்கா கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து செங்குத்தான கரையிலிருந்து மண்ணைக் கொத்தித் தின்னும். 1999இல் வெளியான ஆய்வில், கூண்டுக் கிளிகளுக்குக் குவினிடின் என்ற தாவர நஞ்சைத் தனியாகவும் அந்த மண்ணோடு சேர்த்தும் கொடுத்தார்கள். மண்ணோடு கொடுத்தபோது இரத்தத்தில் ஏறிய நஞ்சு 60 விழுக்காடு குறைவாக இருந்தது. நச்சுக் காய்களைத் தின்னும் கிளிக்கு இது கவசம் என்றார்கள். கடலிலிருந்து தொலைவிலுள்ள அமேசான் காட்டில் உப்பு அரிது, கிளி தேடுவது சோடியத்தைத்தான் என்று வேறு சிலர் மறுத்தார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதற்குத் தடையில்லை.

மனிதர்களில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஆண்டிஸ் மலைக்காரர்கள். தித்திகாகா ஏரியைச் சுற்றிய உயர்நிலத்தில் கசப்பான ஒருவகை உருளைக்கிழங்கு விளைகிறது. கசப்பே அதன் நஞ்சு. அய்மாரா மக்கள் சாக்கோ என்ற களிமண்ணைத் தண்ணீரில் குழைத்து, நாம் சட்டினி தொட்டுக்கொள்வதைப் போல அந்தக் கிழங்கைத் தொட்டுத் தின்கிறார்கள். கசப்பு நஞ்சை அந்த மண் பிடித்துக்கொள்வதை டிமோத்தி ஜான்ஸ் 1980களில் காட்டினார். நோய் வந்தபின் தின்னும் மருந்தாக இல்லாமல், கிழங்கோடு சேர்ந்த சமையற்குறிப்பாகவே மண் அங்கே இருப்பதுதான் என்னைக் கவர்கிறது.

பழம்பாடல் | செவ்வாய் மாலை

‘நம் முன்னோர்கள் மண்ணை மருந்தாக உண்டவர்கள்’ என்று இயற்கைவழித் தம்பி எழுதியதைப் படித்தபோது புறநானூற்றின் 20ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. சேரமான் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. உன் நாட்டில் வயவுற்ற மகளிர் விரும்பி உண்டால்தான் உண்டு, பகைவர் உண்ண, அதாவது கைக்கொள்ள, முடியாத மண்ணையுடையவன் நீ என்று மன்னனைப் புகழ்கிறார். மசக்கையில் பெண்கள் மண் தின்பது கேட்டவர் எல்லாரும் உடனே புரிந்துகொள்ளும் வழக்கமாக இருந்தாலன்றி இந்தச் சிலேடை நில்லாது.

ஆனால் கிழார் சொல்வது வேட்கையை. மருந்து என்று அவர் சொல்லவில்லை. மருத்துவ நூல் பக்கம் போனால் நிலைமை தலைகீழாகிறது: சரகர் பாண்டு நோயை ஐந்தாக வகுத்து, மண் உண்பதால் வருவதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். முன்னோரைச் சாட்சிக்கு அழைத்தால் அவர்களை முழுவதும் பேசவிட வேண்டும்.

வேலூர்க்காரி | செவ்வாய் இரவு

பழம்பாடல் ஐயாவுக்கு நன்றி. சரகரின் பாண்டு இன்றைய இரத்தச்சோகையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அதில்தான் அந்தக் கணக்குப் பிரிவு அம்மையாரைப் பற்றிய என் கவலையும் இருக்கிறது.

கர்ப்பத்தில் மண் தின்னும் வேட்கை உலகெங்கும் உள்ளது. சேரா யங்கும் உடன் ஆய்ந்தவர்களும் 480க்கும் மேற்பட்ட பதிவுகளைத் தொகுத்து 2011இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பசியால் தின்கிறார்கள் என்பது பொருந்தவில்லை, உணவு இருக்கும்போதும் தின்கிறார்கள். இரும்புக்காகவும் கால்சியத்துக்காகவும் தின்கிறார்கள் என்பதும் நன்றாகப் பொருந்தவில்லை. நச்சுகளிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் காத்துக்கொள்ளவே என்ற விளக்கம்தான் அதிகம் பொருந்துகிறது என்றார்கள். தொடக்கக் கர்ப்பத்தில் குமட்டலும் மண் வேட்கையும் சேர்ந்து வருவதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள்.

இந்த விளக்கம் சரியென்றே கொள்வோம். நஞ்சைப் பிடிக்கும் அதே பரப்பு, உணவிலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் பிடிக்காமல் விடுமா? 1950களின் இறுதியில் ஈரானின் ஷிராஸ் நகரத்தில் பணிபுரிந்த பீகார்க்காரரான ஆனந்த பிரசாத் என்ற மருத்துவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்வைக்குப் பத்து வயதுச் சிறுவன், பருவமடையவே இல்லை, கடுமையான இரத்தச்சோகை. புளிக்காத ரொட்டியைத் தவிர வேறு உணவு பெரிதாக இல்லை. நாளொன்றுக்கு அரைக் கிலோ களிமண் தின்றுவந்தார். அவரைப் போன்ற நோயாளிகளைப் பற்றி 1961இல் வெளியான கட்டுரையிலிருந்துதான் மனிதருக்குத் துத்தநாகக் குறைவு என்று ஒன்று இருக்கலாம் என்ற ஐயம் மருத்துவ உலகில் எழுந்தது. ரொட்டியிலிருந்த, துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற தானியப் பொருளும் அதில் பங்காளிதான். பழி முழுவதையும் மண்ணின்மேல் போட முடியாது. இரத்தச்சோகை மண் தின்ன வைக்கிறதா, மண் தின்பது இரத்தச்சோகையை உண்டாக்குகிறதா என்ற வழக்கிலும் இரு பக்கமும் சாட்சிகள் உண்டு. என் அனுபவத்தில், இரும்புச் சத்து ஏறியதும் சாம்பலையும் செங்கல் துண்டையும் மறந்துவிட்ட பெண்கள் பலர்.

இரும்பைவிட என்னை அச்சுறுத்துவது ஈயம். மேற்காப்பிரிக்கச் சுண்ணக்கட்டிகளிலும், வங்காளிப் பெண்கள் தின்னும் சிகோர் என்ற சுட்ட மண் வில்லைகளிலும் ஈயமும் ஆர்செனிக்கும் கண்டறியப்பட்டு, பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சந்தை மண்ணை விடுங்கள். மருந்தாகத் தூய்மையாக்கிய களிமண்ணில்கூட ஈயம் மிகச் சிறிதளவு இருப்பதால், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தர வேண்டாம் என்று பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அறிவித்தது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். அந்த அம்மையாரிடம் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் கேட்கமாட்டார். ஹீமோகுளோபினையும் இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை எடுக்கிறாரா, எந்த நேரத்தில் என்றும் கேளுங்கள்.

அக்ராவாசி | புதன் மாலை

கேட்டேன், அம்மா. இரும்பு மாத்திரை எடுக்கிறார். மாத்திரை குமட்டுவதால், அதை விழுங்கியதும் அயிலோ ஒரு துண்டு கடித்துக்கொள்வாராம். நேரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்.

தீவனக்காரன் | புதன் மாலை

கோழி மருத்துவர்களுக்கு இது பழைய பாடம். சளிநோய்க்கு டைலோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கும் நாள்களில் பென்டோனைட்டை நிறுத்திவிடச் சொல்வார்கள். இல்லாவிட்டால் மருந்துக்குக் கொடுத்த பணம் எச்சத்தோடு போய்விடும்.

இயற்கைவழி | வியாழன் காலை

நேற்று இரவு வண்ணமீன் கடையில் மெத்திலீன் நீலம் வாங்கிவந்து பார்த்தேன். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஐந்தைந்து சொட்டு விட்டு, ஒன்றில் மட்டும் நான் குடிக்கும் பொடியில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மண் போடாத தம்ளர் அப்படியே நீலமாக நின்றது. மற்றதில் அடியில் மை கொட்டியதைப் போன்ற சேறு. மேலே நின்ற தண்ணீரில் நீலம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் நான் சொன்னது சரிதான் என்று எழுதவே உட்கார்ந்தேன்.

எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. இதே பொடியை ஐந்து மாதங்களாக அம்மாவுக்கும் காலையில் கலக்கிக் கொடுக்கிறேன். அவர் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர். மாத்திரை போட்ட கால் மணி நேரத்தில் களிமண் தண்ணீர் குடித்துவிடுவார். சென்ற மாதப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்று சொல்லி மருத்துவர் மாத்திரையின் அளவை உயர்த்தினார். பத்து ஆண்டுகளில் அதுவரை அளவு மாறியதே இல்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா, அம்மா?

வேலூர்க்காரி | வியாழன் காலை

இருக்கக்கூடும். தைராய்டு மாத்திரையை இரும்பும் கால்சியமும் அமிலமுறி மருந்துகளும்கூடப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் வெறும் வயிற்றில் தனியாகப் போடச் சொல்கிறோம். அளவை உயர்த்திய மருத்துவரிடம் களிமண்ணைப் பற்றிச் சொன்னீர்களா?

இயற்கைவழி | வியாழன் காலை

சொல்லவில்லை. அது மருந்து இல்லையே, சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இன்றே நிறுத்திவிடுகிறேன்.

வேலூர்க்காரி | வியாழன் காலை

நிறுத்துங்கள், ஆனால் நிறுத்தியதை அவரிடம் இன்றே தெரிவியுங்கள். மாத்திரையை இதுவரை மண் தடுத்துக்கொண்டிருந்தது உண்மையானால், இனி உயர்த்திய அளவு முழுவதும் இரத்தத்தில் ஏறும். வயதான இதயத்துக்கு அது கூடுதலாகிவிடலாம். அளவைக் குறைப்பதா, அப்படியே வைத்துப் பார்ப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக மாற்ற வேண்டாம். படபடப்போ, கை நடுக்கமோ, தூக்கமின்மையோ தெரிந்தால் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்.ஐ மீண்டும் பாருங்கள்.